தூண்டில் சொல்லும் கணக்கு

மன்னார்குடி வட்டாரத்து மக்களாகிய நமக்குக் கணக்கு புதிதன்று. வேலி, மா, குழி என நிலத்தை அளந்தவர்கள் நாம். கலம், மரக்கால், படி என நெல்லை அளந்தவர்கள். இன்ன நிலத்திலிருந்து இத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்னும் குறிப்புகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காண்கிறோம். எந்த ஆண்டு மேட்டூர் அணை காலந்தாழ்ந்து திறக்கப்பட்டது, எந்த ஆண்டு குறுவை பொய்த்தது, எந்தப் புயலில் சம்பா சாய்ந்தது என்பனவற்றை நம் பெரியவர்கள் விரல் மடக்கிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயின், நம் ஊரை நனைத்துச் செல்லும் பாமணியாறு போய்ச் சேர்கின்ற கடலில் முன்பு எத்தகைய மீன்கள் இருந்தன, அவை எவ்வளவு பெரியனவாக இருந்தன, இன்று எந்நிலையில் உள்ளன என்று கேட்டால், நம் வீடுகளில் அதற்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. இருப்பது பெரியவர்களின் நினைவு ஒன்றே. அந்நினைவு தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு தேய்கின்றது என்பதையும், பொழுதுபோக்குக்காகக் கையில் எடுக்கும் ஒரு தூண்டில் அதனைக் காக்க எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிழற்படம்

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய நிழற்படம் ஒன்று உள்ளது. 1990ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய என் தாய்மாமா விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ரீல் பொருத்திய நீண்ட தூண்டில் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். வாய்க்கால் மதகில் அமர்ந்து, மூங்கில் கழியில் தங்கூஸ் நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகிய எங்களுக்கு அது பெரும் வியப்பாக இருந்தது. ஒருநாள் அதிகாலையில் அத்தா, மாமா, நான் மூவரும் பேருந்தில் முத்துப்பேட்டை சென்றோம். அங்கே நாட்டுப்படகு ஒன்றை அமர்த்திக்கொண்டு கோரையாற்றின் வழியே அலையாத்திக் காடுகளுக்கு இடையே காயலை அடைந்தோம். உயிர் இறாலை இரையாகக் கோத்து மாமா வீசிய தூண்டிலில், பிற்பகல் வேளையில் ஒரு கொடுவா மீன் சிக்கியது. அதனைப் படகுக்கு இழுத்துச் சேர்ப்பதற்குள் மூவரும் களைத்துப் போனோம். நிழற்படத்தில் மாமா அந்த மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுச் சிறுவனாகிய எனக்கு அது தோள் உயரம் இருக்கிறது.

சென்ற ஆண்டு அதே காயலுக்கு என் மகனை அழைத்துச் சென்றேன். பகல் முழுவதும் காத்திருந்தபின் அவனுக்கும் ஒரு கொடுவா கிடைத்தது. என் முழங்கை நீளம் இருக்கும். "எவ்வளவு பெரிய மீன், அத்தா!" என்று அவன் துள்ளினான். "ஆமாம், பெரிய மீன்தான்" என்று நானும் சொன்னேன். மகனை மகிழ்விப்பதற்காகச் சொன்ன சொல் அன்று அது. அந்த நேரத்தில் என் மனத்துக்கும் அது பெரிய மீனாகவே பட்டது. வீடு திரும்பி அலமாரியைத் திறந்தபோதுதான் என் மதிப்பீடு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது புலப்பட்டது. இரண்டு மீன்களை வைத்துக்கொண்டு ஒரு கடலின் வளத்தை முடிவு செய்தல் கூடாது என்பதை அறிவேன். எனினும் அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. இத்தகைய மாற்றத்தைப் பற்றி அறிஞர்கள் யாரேனும் ஆராய்ந்துள்ளனரா என்று தேடினேன். கிடைத்த செய்திகள் வியப்பூட்டின.

தூண்டில் பொழுதுபோக்கான வரலாறு

வயிற்றுப் பிழைப்புக்காகத் தூண்டிலிடுவது மனித இனத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. மனமகிழ்ச்சிக்காகக் கடலில் தூண்டிலிடும் வழக்கம் ஓர் அமைப்பாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையை அடுத்த சாண்டா கேடலினா தீவில் 1898இல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் என்பவர் சூரைமீன் பிடிப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மெல்லிய நரம்பும் கழியும் கொண்டே மீனை வெல்ல வேண்டும், மீனுக்கும் தப்பிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அச்சங்கத்தார் வகுத்த நெறி. பின்னர் 1939இல் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் தோன்றி, எந்த இன மீன் எவ்வளவு எடையில் பிடிபட்டது என்னும் பதிவுகளைத் தொகுக்கலாயிற்று.

நம் நாட்டிலும் ஆங்கிலேய அதிகாரிகள் இவ்வழக்கத்தைக் கொண்டு வந்தனர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடும் கலையைப் பற்றி 1873இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அது பெரும்பாலும் ஆற்று மீன்களைப் பற்றியது. இன்று சென்னை, புதுச்சேரி, இராமேசுவரம் போன்ற கரைகளில் விடுமுறை நாள்களில் இளைஞர்கள் ரீல் தூண்டிலுடன் நிற்பதைக் காண்கிறோம்.

இப்பொழுதுபோக்கினர் தாம் அறியாமலே ஓர் அரிய செயலைச் செய்து வந்தனர். பிடித்த மீனை நிறுத்தனர், அளந்தனர், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். தொழில்முறை மீனவருக்கு இதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ஏலக்கூடையில் விழுந்த மீன் மறுநாள் யாருடைய குழம்பிலோ மறைந்துவிடும். பொழுதுபோக்குக்குப் பிடித்தவனின் மீனோ சுவரில் படமாக நின்றுவிட்டது.

படங்கள் கூறும் சான்று

அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்னும் தீவு நகரில், சுற்றுலாப் பயணிகளைக் கட்டணப் படகுகளில் ஏற்றிச் சென்று தூண்டிலிட வைக்கும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. மாலையில் கரை திரும்பியதும் அன்று கிடைத்த மிகப் பெரிய மீன்களை ஒரு பலகையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது அங்குள்ள வழக்கம். லோரன் மெக்கிளனகன் என்னும் ஆய்வாளர் 1956 முதல் 2007 வரை எடுக்கப்பட்ட அத்தகைய படங்களைத் தொகுத்து, பலகையில் தொங்கிய மீன்களை அளந்து, தம் முடிவுகளை 2009இல் வெளியிட்டார். தொடக்கத்தில் ஏறத்தாழ 20 கிலோவாக இருந்த மீன்களின் சராசரி எடை, இறுதியில் 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. பழைய படங்களில் மனிதரைவிடப் பெரிய கலவா மீன்களும் சுறாக்களும் தொங்கின. புதிய படங்களில் கையளவுச் சங்கரா இன மீன்கள் வரிசையாகத் தொங்கின.

இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், பயணிகள் அன்று செலுத்திய கட்டணமும் இன்று செலுத்தும் கட்டணமும் பெரிதும் வேறுபடவில்லை. சிறிய மீனுடன் நிற்பவரின் முகத்தில் மகிழ்ச்சியும் குறைந்ததாகத் தெரியவில்லை. தாம் இழந்தது இன்னதென அவர்கள் அறியார். என் மகனின் மகிழ்ச்சியும் என்னுடைய "ஆமாம்" என்னும் சொல்லும் இத்தகையனவே.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் இந்நிலையை விளக்கியுள்ளார். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று கொள்கிறது. அந்த அளவுகோலிலிருந்து ஏற்பட்ட குறைவை மட்டுமே அது குறைவாகக் கருதுகிறது. அடுத்த தலைமுறை வரும்போது, குறைந்த நிலையே புதிய அளவுகோல் ஆகிவிடுகிறது. இவ்வாறு அளவுகோல் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போவதால், பேரிழப்பும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிகிறது.

மெக்சிகோ நாட்டின் கலிபோர்னிய வளைகுடாவில் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த 108 மீனவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வும் இதனை உறுதி செய்கிறது. குறைந்துபோன மீனினங்கள் எவை என்று கேட்டபோது, இளைஞர்கள் சொன்னவற்றைப் போல் ஐந்து மடங்கு இனங்களை முதியவர்கள் சொன்னார்கள். இளைஞர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அம்மீன்களைக் கண்டதே இல்லை.

களத்துமேடும் கடற்கரையும்

"மீன் குறைந்துவிட்டது என்கிறீர்கள், சந்தையில் மீன் குவிந்துதானே கிடக்கிறது?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. இதற்கு விடை காண நம் வயலுக்கே செல்வோம். ஒரு வேலியில் விளையும் நெல் பாதியாகக் குறைந்தாலும், முன்பு உழாத இன்னும் இரண்டு வேலியை உழுதுவிட்டால் களத்துமேட்டில் நெற்குவியல் குறையாது, கூடவும் செய்யும். களத்துமேட்டை மட்டும் பார்ப்பவனுக்கு நிலம் வளமிழந்தது தெரியாது. வேலிக்கு எத்தனை கலம் என்று கணக்கிடுபவனுக்கே தெரியும்.

கடலிலும் இதுவே நிகழ்ந்தது. இந்திய அரசு, நார்வே அரசு, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கேரளத்தின் நீண்டகரையில் இயந்திரப் படகுகளைப் பழக்கும் திட்டம் தொடங்கியது. இறால் ஏற்றுமதி பெருகியபோது, கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடிகள் தமிழகக் கரையெங்கும் பரவின. பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடல். கடற்புல் படுகைகள் நிறைந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் தாய்வீடு. அத்தகைய ஆழமற்ற கடலின் அடித்தரையை நாள்தோறும் மடி வாரினால் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் மாட்டை ஓட்டுவது போன்றது அது. விலைபோகாத குஞ்சு மீன்களும் மடியில் சேர்ந்து வந்து, கழிவு மீனாய்க் கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போயின.

படகின் இயந்திர வலிமை கூடியது. செல்லும் தொலைவு கூடியது. வலையின் நீளம் கூடியது. எதிரொலிக் கருவி வந்தது. ஆகவே மொத்தப் பிடிப்பு உயர்ந்துகொண்டே வந்தது. ஒரு வலைக்கு, ஒரு பொழுதுக்கு எவ்வளவு மீன் என்னும் கணக்கு மட்டும் மறைந்து நின்றது. இங்கேதான் தூண்டிலின் சிறப்பு விளங்குகிறது. ஒரு மனிதன், ஒரு கழி, ஒரு முள், அதே இடம், அதே நேரம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே கருவிதான். இன்றும் பெரும்பாலும் இதே கருவிதான். கருவி மாறாதபோது, கிடைப்பதில் ஏற்படும் மாற்றம் கடலில் ஏற்பட்ட மாற்றத்தையே காட்டும். மரக்காலின் அளவு மாறாதிருந்தால்தான் நெல்லின் அளவு தெரியும் என்பது நாம் அறிந்ததே.

ஆறு குறைந்தால் கடலும் குறையும்

இழுவை மடியின்மீது மட்டும் பழியைச் சுமத்துவதும் முறையன்று. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்னும் மூன்றனுள் பின்னிரண்டும் முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. இந்த ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் உப்புநீருடன் கலக்கும் இடத்தில்தான் அலையாத்திக் காடு செழிக்கிறது. அதன் வேர்களுக்கிடையேதான் கடல் மீன்களின் குஞ்சுகள் வளர்கின்றன. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு காயலுக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாயும் இவ்வாறே. எனவே ஆழ்கடலில் பிடிபடும் இறாலுக்கும் நம் பாமணியாற்று நீருக்கும் உறவு உண்டு. "கடலுக்குள் வீணாய்ப் போகும் நீர்" என்று நாம் சொல்வது முற்றும் பொருந்தாது. அந்நீர் மீனுக்குப் பாய்ந்த நீராகும்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனால் டெல்டாவின் உழவு பெற்ற நன்மையை யாரும் மறுக்க முடியாது. அதற்கு ஈடாக நாம் இழந்தவற்றுள் ஒன்று உல்லம் மீன். வங்காளிகள் ஹில்சா என்று போற்றும் அம்மீன், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வரும். 1836இல் கட்டப்பட்ட கீழணையில் அது தடைபட்டு நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் அங்கே அதன் முட்டைகளைப் பொரிக்கச் செய்யவும் முயன்றனர். மேட்டூர் அணைக்குப் பின் வெள்ளம் குறைந்தது. காவிரியில் உல்லமும் அருகியது. நம் மாணவர்களுள் உல்லம் என்னும் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

1990களில் டெல்டாக் கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றின் உப்புநீரும் கழிவும் நிலத்தையும் கழிமுகத்தையும் கெடுப்பதை எதிர்த்து, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அத்தொழில் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு மீண்டும் நடைபெறலாயிற்று. 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை வெகுவாகச் சிதைத்தது. இவ்வாறு பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தே இன்றைய நிலை உருவாயிற்று.

பெரிய மீனின் பெருமை

இனி அந்த நிழற்படத்தை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். கொடுவா மீனின் வாழ்க்கை விந்தையானது. அது ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறி முட்டையிடுகிறது. ஆகவே கொடுவா இனத்தில் மிகப் பெரியவை எல்லாம் தாய்மீன்களே. கலவா மீனில் இது தலைகீழ்; அது பெண்ணாக முதிர்ந்து, பெருத்தபின் ஆணாகிறது. பெரிய மீன்களையே தேர்ந்து பிடித்தால் முன்னதில் பெண்ணினம் அருகும்; பின்னதில் ஆணினம் அருகும். மேலும், பெரிய தாய்மீன் இடும் முட்டைகள் அதன் எடை விகிதத்துக்கும் மேலாகப் பெருகுகின்றன. வடகடலில் வாழும் காட் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரு தாய்மீன், 2 கிலோ எடையுள்ள பதினைந்து மீன்கள் சேர்ந்து இடுவதைவிட மிகுதியான முட்டைகளை இடுகிறது என்று கண்டறிந்துள்ளனர்.

மாமா பிடித்த அந்தக் கொடுவாயின் வயிற்றில் இரு கைகளும் நிறையச் சினை இருந்தது. பாட்டியார் அதை மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்துத் தந்தார்கள். அதன் சுவை இன்றும் நினைவில் நிற்கிறது. அதை உண்டதில் குற்றம் ஏதும் இருந்ததாக நான் கருதவில்லை. காயலில் அத்தகைய மீன்கள் வற்றாதவை என்று அன்று எல்லோரும் நம்பினோம். அறியாமல் செய்ததற்குப் பொறுப்பு இல்லாவிடினும், அறிந்தபின் பொறுப்பு வந்துவிடுகிறது. எதிர்க்கொக்கி இல்லாத முள்ளால் பிடித்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டு, தாய்மீனை நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் இன்று உலகெங்கும் தூண்டில் பிடிப்போரிடையே பரவி வருகின்றது. பசிக்காகப் பிடிப்பவரிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கில்லை. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவரிடம் கேட்கலாம்.

வேளா எங்கே?

இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு செய்தி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைகொண்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வம் உறையச் செய்து வழிபட்டதைக் கூறுகின்றது. முழுநிலா நாளில் அவர்கள் கடல் வேட்டைக்குச் செல்லாது ஓய்ந்திருந்ததையும் அதே பகுதி காட்டுகின்றது. சுறாவுக்குக் கொம்பு ஏது? வேளா என்று வழங்கும் மீனுக்கு முகத்தின் முன்னே இருபுறமும் பல் கொண்ட வாள் போன்ற நீண்ட உறுப்பு உண்டு. உடல் அமைப்பில் சுறாவைப் போலிருந்தாலும் அது திருக்கை இனத்தைச் சார்ந்தது. பட்டினப்பாலை கூறும் கொம்பு இந்த வேளாவின் வாளாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு.

அவ்வளவு பழைய உறவுடைய வேளா இன்று உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. வாளின் பற்கள் எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும் ஆதலால் அது முதலில் மறைந்தது. 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கரையோர ஊர்களில் சில பழைய வீடுகளின் சுவரில் அந்த வாள் இன்றும் தொங்குகிறது. "இது என்ன?" என்று கேட்கும் பேரனுக்குப் பாட்டனார் பெயரைச் சொல்கிறார். பெயர் மிஞ்சியது, மீன் மிஞ்சவில்லை. பாட்டனார்க்குப் பின் பெயரும் மிஞ்சாது.

மாற்றம் அனைத்தும் இழப்பன்று

ஒருபுறமாகவே பேசுதல் ஆய்வு நெறியன்று. 1980கள் வரை மத்தி எனப்படும் பேச்சாளை மேற்குக் கரையின் மீனாகவே கருதப்பட்டது. அதன்பின் அது தமிழகக் கரையில் பெருந்திரளாகக் கிடைக்கத் தொடங்கியது. கடல் வெப்பம் கூடியதும், அதனை உண்ணும் பெரிய மீன்கள் குறைந்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆக, கடல் வெறுமையாகிவிடவில்லை. அதன் குடிமக்கள் மாறியிருக்கின்றனர். பெரியவை போய்ச் சிறியவை வந்துள்ளன.

காக்கும் முயற்சிகளும் உள்ளன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. பட்டினப்பாலைப் பரதவரின் ஓய்வு நாளை இது நினைவூட்டுகிறது. அதே 2017இல் பாக்கு விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. அவ்வாண்டிலேயே இலங்கை கடலடி இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, ஆவுளியா என்னும் கடற்பசுவின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் கடற்புல் மீன்குஞ்சுக்கும் தொட்டிலாகும்.

நாம் செய்யத்தக்கது

சட்டம் செய்வது அரசின் கடமை. நினைவைக் காப்பது நம் கடமை. அதிலும் மொழித்துறையினரின் கடமை. மீனின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. சென்னையில் வஞ்சிரம் என்பது தூத்துக்குடியில் சீலா; யாழ்ப்பாணத்தில் அதுவே அறுக்குளா. யாழ்ப்பாணத்தார் சீலா என்றால் அது வேறு மீன். ஆகவே ஒரு முதியவர் "அந்தக் காலத்தில் சீலா கூடை கூடையாக வரும்" என்று சொன்னால், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டறிந்து எழுதினால்தான் அது சான்றாகும். இந்த நுட்பம் விலங்கியல் பயில்வோரைவிடத் தமிழ் பயில்வோர்க்கு எளிதில் கைவரும்.

மாணவர்கள் விடுமுறையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கோடியக்கரைப் பகுதிகளில் உள்ள உறவினர் வீடுகளுக்குச் செல்லும்போது, அறுபது வயதைக் கடந்தவர்களிடம் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதி வரலாம். நீங்கள் இளமையில் கண்டு இன்று காணாத மீன்கள் எவை? நீங்கள் கண்டதில் மிகப் பெரிய மீன் எது, எந்த ஆண்டில், எந்த இடத்தில்? முன்பு கரையருகே கிடைத்து இப்போது தொலைவில் மட்டும் கிடைப்பவை எவை? முன்பு இல்லாது புதிதாக வந்தவை எவை? பழைய நிழற்படங்கள் இருந்தால் படியெடுத்து வாருங்கள். தூண்டிலிடும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், நிலாப்பொழுது, காத்திருந்த நேரம், கிடைத்த மீனின் உள்ளூர்ப் பெயர், நீளம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் தவறாமல் எழுதுங்கள். வெற்றி பெற்ற நாள்களை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

என் மகனுக்கு அப்படி ஒரு குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் அவன் பிடித்த கொடுவாயின் நீளத்தை எழுதச் சொன்னேன். அதற்கு மேலே, அவன் காணாத அந்தப் பெரிய கொடுவாயின் அளவையும் நிழற்படத்திலிருந்து கணித்து, ஆண்டுடன் நானே எழுதி வைத்தேன். இனி அவன் தன் பிள்ளையிடம் "பெரிய மீன்" என்று சொல்லும்போது, எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதை அறிந்தே சொல்வான்.

பெரியவர்களே, உங்கள் நினைவில் நீந்தும் மீன்களை எங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, அவர்கள் சொல்லும்போது எழுதிக்கொள்ளுங்கள். நெல்லுக்குக் கணக்கெழுதிய மண்ணில் மீனுக்கும் ஒரு கணக்கு இனியேனும் தொடங்கட்டும்.